உலகத்துல கதவு ஜாஸ்தியா சக்கரம் ஜாஸ்தியா: முதல் தடவை கணக்கு போடறவங்களுக்கு

2022 மார்ச்ல நியூசிலாந்துக்காரர் ஒருத்தர் ட்விட்டர்ல ஒரு வாக்கெடுப்பு போட்டார், உலகத்துல கதவு ஜாஸ்தியா சக்கரம் ஜாஸ்தியான்னு. 2 லட்சத்து 23 ஆயிரம் பேருக்கு மேல ஓட்டு போட்டாங்க, சக்கரத்துக்கு 53.6 சதவீதம், கதவுக்கு 46.4. அதுக்கப்புறம் ஆபீஸ் கேன்டீன்லயும் ஹாஸ்டல் ரூம்லயும் இதே சண்டைதான். ஒருத்தர் லாரிம்பார், இன்னொருத்தர் அபார்ட்மெண்ட்ம்பார், ஒருத்தர் ரயிலுன்னா இன்னொருத்தர் ஆஸ்பத்திரிம்பார், இப்படியே உதாரணமா அடுக்கிட்டு போய் கடைசியில டீ ஆறிப் போனதுதான் மிச்சம். ஓட்டு போட்டு முடிக்கற விஷயம் இல்ல இது. ஒரு பேப்பர், ஒரு பேனா, எட்டாம் கிளாஸ் பெருக்கல், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், இவ்வளவு இருந்தா நீங்களே உட்கார்ந்து போட்டுடலாம். எப்படின்னு கீழ எழுதியிருக்கேன், வரிசையா செஞ்சுட்டே வாங்க.

இந்த மாதிரி குத்துமதிப்புக் கணக்குக்கு பேர் போனவர் என்ரிகோ ஃபெர்மி, இத்தாலியில பொறந்து அமெரிக்கா போன இயற்பியல்காரர். 1945 ஜூலை 16 நியூமெக்சிகோ பாலைவனத்துல முதல் அணுகுண்டை வெடிச்சுப் பார்த்தப்ப, சுமார் 10 மைல் தள்ளி நின்னுட்டு இருந்தவர் கையில இருந்த காகிதத் துண்டுகளை மேலேர்ந்து கீழ விட்டார், வெடி அலை வந்து அதை சுமார் ரெண்டரை மீட்டர் தள்ளிப் போட்டுது, அதை வெச்சு 10 ஆயிரம் டன் டிஎன்டி (ஒரு வெடிமருந்து) அளவு வெடின்னு சொல்லிட்டார். பின்னாடி கருவியெல்லாம் வெச்சு அளந்தப்ப 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல வந்துது. ரெண்டு மடங்கு வித்தியாசம்தான். நாமளும் அந்த அளவு நெருங்கினா போதும், கடைசி ரூபா வரைக்கும் டேலி ஆகணும்னு இது ஒண்ணும் பேங்க் பாஸ்புக் இல்ல.

முதல்ல: எது கதவு எது சக்கரம்னு எழுதி வைங்க

எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும். நடுவுல விதியை மாத்தினா அவங்கவங்க கட்சிக்கு ஏத்த மாதிரி வளைச்சுப்பாங்க, அது மனுஷ குணம். அதனால எழுதி, தேதி போட்டு, எதிர்ல உட்கார்ந்திருக்கறவரையும் பார்க்கச் சொல்லிட்டு அப்புறம் எண்ணுங்க.

விதி எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சுக்க டெல்லி மெட்ரோவோட ஒரே ஒரு பெட்டியை எடுத்துப்போம். ஒரு பக்கத்துக்கு 4 வாசல், ரெண்டு பக்கமும் சேர்த்து 8. அடியில ரெண்டு போகி (பெட்டியைத் தாங்கற, சக்கரம் மாட்டின சட்டம்), போகிக்கு 4 சக்கரம், ஆக மொத்தம் 8. எட்டுக்கு எட்டு, சரிக்கு சரி. ஆனா ஒவ்வொரு வாசல்லயும் ரெண்டு பலகை ரெண்டு பக்கமா விலகித் திறக்குது, பலகை பலகையா எண்ணினா கதவு 16 ஆயிடுது. பெட்டி அதேதான், ஒரு ஆணி கூட மாறல, ஆனா டிரா ஆன மேட்ச் 16க்கு 8ன்னு கதவு பக்கம் போயிடுது.

இதே மாதிரி முடிவு பண்ண வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கு. ஜன்னல் கதவைச் சேர்க்கறதா? பீரோ, ஃப்ரிட்ஜ், கிச்சன் கப்போர்டு? கார் டிக்கி? எலக்ட்ரிக் ட்ரெயின்ல மூட கதவு இல்லாத வெறும் வாசல் இருந்தா, அது எந்தக் கணக்கு? சக்கரப் பக்கம் வந்தா ஸ்டெப்னி, சூட்கேஸ் சக்கரம், பொம்மைக் கார், அலுமினிய ஜன்னல் அடியில ஓடற உருளை, கிணத்து ராட்டினம், கடிகாரத்துக்குள்ள இருக்கற பல்சக்கரம், பால் பேரிங்ன்னு போய்ட்டே இருக்கும்.

நான் மூணு வட்டமா பிரிச்சுக்கறேன், உங்களுக்கும் அதையே சிபாரிசு பண்றேன். சின்ன வட்டம்: ஆள் உள்ள நுழைய திறந்து மூடற கதவு, தரையிலயோ தண்டவாளத்துலயோ ஓடற வண்டியோட சக்கரம், ஸ்டெப்னி உட்பட. நடு வட்டம்: அதோட பீரோ, கப்போர்டு, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாம், அந்தப் பக்கம் நாற்காலி, சூட்கேஸ், டிராலி சக்கரம் எல்லாம். பெரிய வட்டம்: பொம்மையும் சேர்த்து. ரெட்டைக் கதவை ஒரே வாசலா ஒண்ணுன்னு எண்ணறேன், ஜன்னலை விட்டுடறேன், பல்சக்கரமும் பேரிங்கும் வேண்டாம், ஏன்னா அதைச் சேர்த்தா ஒரே ஒரு மோட்டார் பைக் இன்ஜினே ஒரு தெருவோட கதவை முழுங்கிடும், அப்புறம் கணக்கு போடறதுல அர்த்தமே இல்ல. இன்னொண்ணு, இன்னிக்கு உலகத்துல இருக்கறதைத்தான் எண்ணறோம், குப்பைக்குப் போய் உருக்கினது வேண்டாம்.

அடுத்து: உங்க வீட்டை எண்ணுங்க

மனசுல ஓட்டிப் பார்க்காதீங்க, எழுந்து நடங்க. ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுன்னா வாசக்கதவு, அதுக்கு வெளிய இரும்பு கிரில் கதவு, ரெண்டு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், பால்கனி, இதுவே 7. பூஜை ரூமுக்கு தனிக் கதவு இருந்தா 8. இது சின்ன வட்டம். நடு வட்டத்துக்கு பீரோ, லாஃப்ட், கிச்சன் மேடைக்குக் கீழ இருக்கறது, செருப்பு ஸ்டாண்டு, ஃப்ரிட்ஜ் (டபுள் டோர்னா ரெண்டு), வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், ஈபி மீட்டர் பெட்டி எல்லாம் வரும், மாடுலர் கிச்சன் வெச்ச வீடுன்னா சமையலறையே 15, 20ன்னு தாண்டிடும். கிராமத்து ஓட்டு வீட்டுல முன் கதவு, பின் கதவு, ஒரு ரூம், வெளிய பாத்ரூம், ஒரு பீரோன்னு முடிஞ்சுடும். காரைக்குடி பக்கம் பெரிய வீடுகள்ல போய் எண்ணினா வாசல்லேர்ந்து பின்கட்டு வரைக்கும் நேர்கோட்டுல கதவா வரும், ரெண்டு பக்கமும் அறை அறையா இருக்கும், ஆனா அதை வெச்சு சராசரி போட்டுடாதீங்க.

சக்கரத்துக்கு குனிஞ்சு பார்க்கணும். பாதி சக்கரம் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் இருக்கு. சிலிண்டர் வைக்கற டிராலி, ஃப்ரிட்ஜ் ஸ்டாண்டு, குழந்தையோட வாக்கர், கட்டிலுக்கடியில தூங்கற டிராலி பேக். கம்ப்யூட்டர் சேரை தலைகீழா கவுத்துப் பாருங்க: 5 கால், காலுக்கு ஒரு சக்கரம்னு நினைப்போம், ஆனா பெரும்பாலான சேர்ல ஒவ்வொரு காலுக்கும் அடியில நடுவுல சின்ன பிளாஸ்டிக் மூடி, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு ரெண்டு தனித்தனி வட்டு, அதுல ஒண்ணை விரலால சுத்தினா இன்னொண்ணு சுத்தாது. அதாவது ஒரு சேருக்கு 10. டிராலி பேக் சக்கரமும் சில பிராண்டுல இப்படி ஜோடி ஜோடியா வருது. இந்த ஒரு விஷயம் தெரியாம எண்ணறவங்க சக்கரத்தை பாதியாக் குறைச்சுடுவாங்க.

மூணாவது: ஒரு வீட்டுலேர்ந்து ஒரு நாட்டுக்கு

இங்கதான் சென்சஸ் கைகொடுக்கும். 2011 சென்சஸ்படி இந்தியாவுல 24.67 கோடி குடும்பம். அதுல சைக்கிள் வெச்சிருந்தது 44.8 சதவீதம், டூவீலர் 21 சதவீதம், கார் ஜீப் வேன் 4.7 சதவீதம். பெருக்கிப் பாருங்க. சைக்கிள் சக்கரம் சுமார் 22 கோடி, டூவீலர் சக்கரம் 10 கோடி சொச்சம், கார் சக்கரம் நாலரை கோடிக்கு மேல. மொத்தம் 37 கோடி. வீட்டுக்கு எத்தனை வருது? ஒன்றரை! ஒரு வீட்டுக்கு ஒன்றரை சக்கரம்தான். அதே சென்சஸ்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல ஒரே ரூம்ல குடியிருக்கற குடும்பங்கள், அவங்களுக்கும் வாசக்கதவுன்னு ஒண்ணு இருக்கும், மத்தவங்களுக்கு ரெண்டு மூணு இருக்கும், ஆக அந்த வருஷம் இந்திய வீடுகள் வரைக்கும் கதவுதான் ஜெயிச்சுது, அதுல சந்தேகமே இல்ல. (ஒரு வீட்டுல ரெண்டு சைக்கிள் இருந்தாலும் சென்சஸ்ல "இருக்கு"ன்னு ஒரே டிக்தான், அதனால சக்கரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கணும். அப்படியும் கதவைத் தாண்டாது.)

ஆனா அதுக்கப்புறம் நிலைமை வேகமா மாறிட்டு வருது. 2020 மார்ச்ல இந்தியாவுல பதிவான வண்டி 32 கோடிக்கு மேல, அதுல நாலுல மூணு பங்கு டூவீலர். 24 கோடி டூவீலர்னா 48 கோடி சக்கரம், மீதி 8 கோடிக்கு நாலு நாலா வெச்சாலும் 32, சேர்த்து 80 கோடி. இங்க ஒரு ஜாக்கிரதை வேணும், பதிவுக் கணக்குல காயலாங்கடைக்குப் போன வண்டியும் பேர் நீக்காம உட்கார்ந்திருக்கும், அதனால ஒரு பங்கைக் கழிச்சுக்கோங்க. எந்த எண்ணை எடுத்தாலும் யார் எண்ணினாங்க, எதுக்கு எண்ணினாங்க, எதை விட்டாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு எடுங்க.

நாலாவது: வீட்டுக்கு வெளிய

தெருவுல கண்ணுல படற பெருசு எல்லாம் கணக்குல பெருசு இல்ல. ஸ்லீப்பர் கோச்ல ஏறி எண்ணினா ஏறி இறங்கற கதவு 4, டாய்லெட் கதவு 4, சக்கரம் 8, மறுபடியும் சரிக்கு சரி. கூட்ஸ் வண்டி நீளமா போகுதேன்னு தோணும், இந்தியன் ரயில்வேகிட்ட சுமார் 3 லட்சம் வேகன், வேகனுக்கு 8 சக்கரம்னா 24 லட்சம், அதாவது கால் கோடி கூட இல்ல, சைக்கிள் சக்கரம் 22 கோடிக்கு முன்னாடி அது தூசு. ரயிலை வெச்சு வாதாடறவங்ககிட்ட இதைக் காட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிடுங்க.

ஆட்டோ 3 சக்கரம், கதவு கிடையாது. பஸ்ஸுக்கு முன்ன ரெண்டு, பின்ன ஜோடி டயரா நாலு, ஆக 6. லாரி 6லேர்ந்து 10, 12, 14ன்னு போகும், கதவு கேபினுக்கு ரெண்டுதான். கார்ல கதவு 4, சக்கரம் 4, ஸ்டெப்னி 1, சக்கரம் ஒண்ணு கூட. அதாவது ரோட்டுல ஓடறது எல்லாத்துலயும் சக்கரம் முன்னாடி நிக்குது, கட்டடத்துல கதவு முன்னாடி நிக்குது. அந்த ரெண்டு பக்கத்துல எது பெருசுங்கறதுதான் சின்ன வட்டத்தோட முழுச் சண்டையும்.

ஹோட்டல் ஒண்ணை மட்டும் கவனமா பார்க்கலாம். மலேசியா கெந்திங்ல இருக்கற ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டல்ல 7,351 ரூம். ரூம் கதவு, பாத்ரூம் கதவுன்னு ரெண்டு வெச்சா 14,702 கதவு, கின்னஸ்ல இடம் பிடிச்ச ஹோட்டலாச்சே, கதவுக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இப்ப ஹவுஸ்ஃபுல்னு வெச்சுக்கோங்க, ரூமுக்கு ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு நாலு சக்கர சூட்கேஸ், ரூமுக்கு 8 சக்கரம் ஆச்சு. கிட்டத்தட்ட 59 ஆயிரம். கதவைப் போல நாலு மடங்கு, துணி துவைக்கற டிராலியெல்லாம் இன்னும் சேர்க்கல. சின்ன வட்டத்துக்கும் நடு வட்டத்துக்கும் எவ்வளவு தூரம்னு இந்த ஒரு கட்டடம் காட்டிடும்.

அஞ்சாவது: உலகத்துக்குப் பெருக்குங்க

தெரியாத எண்ணுக்கு ஒரு வழி இருக்கு. இதுக்குக் குறைஞ்சிருக்கவே முடியாதுன்னு ஒரு எண், இதுக்கு மேல போகவே முடியாதுன்னு ஒரு எண் எழுதுங்க. ரெண்டையும் கூட்டி பாதி எடுக்காதீங்க, பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. உலகத்துல ஒரு வீட்டுக்கு சராசரி ஆள் நுழையற கதவு எத்தனை? 2க்குக் குறையாது, 8ஐத் தாண்டாது. பெருக்கினா 16, வர்க்கமூலம் 4. கூட்டி பாதி எடுத்திருந்தா 5 வரும், இதுல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா 1க்கும் 100க்கும் நடுவுலன்னு சொல்ற அளவுக்கு தெரியாத விஷயத்துல பாதி எடுத்தா 50ன்னு வந்து கவுத்துடும், வர்க்கமூலம் 10ன்னு சொல்லும், அதுதான் ரெண்டு ஓரத்துலேர்ந்தும் ஒரே மடங்கு தள்ளி நிக்கும்.

2022 நவம்பர்ல உலக ஜனத்தொகை 800 கோடியைத் தொட்டுதுன்னு ஐநா சொல்லுச்சு. வீட்டுக்கு நாலு பேர்னா 200 கோடி வீடு, வீட்டுக்கு 4 கதவுன்னா 800 கோடி. ஸ்கூல், கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஹோட்டலுக்கெல்லாம் அதுல பாதின்னு 400 கோடி வெக்கறேன், இது என் ஊகம், உங்களுக்கு வேற தோணினா மாத்திக்கோங்க. வண்டிக் கதவுக்கு 500 கோடி. கதவு மொத்தம் 1,700 கோடி.

சக்கரம். 2015லயே உலகத்துல ஓடின கார், பஸ், லாரி எல்லாம் சேர்த்து சுமார் 128 கோடி, இப்ப 150 கோடின்னு வெச்சுக்கறேன். நாலு நாலா 600, லாரியோட கூடுதல் சக்கரம், டிரெய்லர், ஸ்டெப்னி எல்லாம் போட்டு 800. சைக்கிள் 100 கோடின்னா 200, டூவீலர் 50, 60 கோடின்னா 100 சொச்சம். ஆக 1,100 கோடி. சின்ன வட்டத்துல கதவு ஜெயிக்குது, ஆனா ஒன்றரை மடங்குதான், நம்ம ஊகத்துல இருக்கற தப்பே அவ்வளவு இருக்கலாம்.

நடு வட்டம். வீட்டுக்கு கப்போர்டு, பீரோ கதவு 1லேர்ந்து 25 வரைக்கும்னா வர்க்கமூலம் 5, அதனால 1,000 கோடி கூடுது, கதவு 2,700. நாற்காலி, சூட்கேஸ், டிராலி சக்கரம் வீட்டுக்கு 3ன்னு 600, ஆபீஸ், ஆஸ்பத்திரி, சூப்பர் மார்க்கெட்டுக்கு 400, சக்கரம் 2,100. இடைவெளி சுருங்கிடுச்சு பாருங்க. இங்க யார் ஜெயிச்சாங்கன்னு சொன்னா அது பொய், டிரான்னு எழுதிடுங்க.

ஆறாவது: பொம்மை

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடற இடம் இது. ஹாட் வீல்ஸ் 1968லேர்ந்து 600 கோடிக்கு மேல குட்டிக் கார் செஞ்சிருக்காங்க. நாலால பெருக்கினா 2,400 கோடி சக்கரம். நம்ம உலகத்துல ஓடற நிஜ வண்டி சக்கரம் 1,100 கோடிதான்னு இப்பதான் போட்டோம், ஒரே ஒரு பொம்மைக் கம்பெனி அதைப் போல ரெண்டு மடங்கு செஞ்சு விட்டிருக்கு! லெகோங்கற பிளாஸ்டிக் கட்டை பொம்மைக் கம்பெனி 2011ல மட்டும் 38.1 கோடி டயர் செஞ்சுதுன்னு கின்னஸ் பதிவு இருக்கு. 20 வருஷத்துக்கு வருஷம் 30 கோடின்னு குறைச்சே வெச்சாலும் 600 கோடி. ரெண்டும் சேர்ந்து 3,000. பாதி உடைஞ்சு தொலைஞ்சு போச்சுன்னு தள்ளினாலும் 1,500 கோடி இன்னும் எங்கயோ அலமாரியிலயும் சோபாவுக்கடியிலயும் கிடக்கு. திருவிழாக் கடையில விக்கற பேர் தெரியாத பொம்மைக் காரெல்லாம் இதுல சேர்க்கவே இல்ல.

அப்ப பொம்மைக் கதவும் இருக்குமேன்னு கேப்பீங்க. ஒரு ஹாட் வீல்ஸை கையில எடுத்து நகத்தால கதவைத் திறக்கப் பாருங்க, பெரும்பாலும் திறக்காது, கதவு மாதிரி கோடு மட்டும் வார்ப்புல இருக்கும். சக்கரம் நிஜமாவே சுத்துது, கதவு வெறும் கோடு. லெகோவுல திறக்கற கதவு உண்டு, பொம்மை வீட்டுலயும் உண்டு, அதுக்கு 200 கோடி கொடுத்தாலும் பெரிய வட்டத்துல கதவு 2,900, சக்கரம் 3,600.

என் ஓட்டு சக்கரத்துக்குத்தான். பொம்மையைச் சேர்க்கக் கூடாதுன்னு சொல்றவங்க நிறைய பேர், ஆனா அச்சுல மாட்டி உருண்டு ஓடற வட்டத்தை சக்கரம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அளவு சின்னதுன்னா அது வேற பொருள் ஆயிடாது. நீங்க சின்ன வட்டத்துலயே நிக்கறேன்னா கதவுன்னு எழுதுங்க, அதுவும் சரியான பதில்தான், எந்த வட்டம்னு பக்கத்துல போட்டுடணும் அவ்வளவுதான்.

கடைசியா: எந்த எண்ணை முதல்ல திருத்தறது

எழுதினதை எல்லாம் பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் வரிசைப்படுத்துங்க. மேல இருக்கற மூணு நாலு வரிதான் முடிவை மாத்தும், ரயில், விமானம், கோயில் தேர் இதையெல்லாம் தேடி நேரம் போக்க வேண்டாம். என் கணக்குல ஆட்டம் காணற வரி ரெண்டு. ஒண்ணு பொம்மையில பாதி மிஞ்சியிருக்குன்னு சொன்னது, கால்வாசிதான் மிச்சம்னா பெரிய வட்டத்துலயும் கிட்டத்தட்ட சரிக்கு சரி ஆயிடும். இன்னொண்ணு கப்போர்டு கதவு, 1லேர்ந்து 25ன்னு அவ்வளவு அகலமா விட்டிருக்கேன். பொம்மையை நாம ஒண்ணும் பண்ண முடியாது, கப்போர்டை முடியும். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சித்தி, மாமா, அத்தை எல்லார்கிட்டயும் வீட்டுக் கதவு எண்ணிக்கை கேளுங்க, டவுன்ல இருக்கறவங்க ஊர்ல இருக்கறவங்கன்னு தனித்தனியா எழுதிக்கோங்க. 20 வீடு சேர்ந்தாலே உங்க ஓரம் 1, 25லேர்ந்து 3, 12 மாதிரி சுருங்கிடும். எண்ணிக்கையோட ரூம் ரூமா போட்டோவும் அனுப்பச் சொல்லுங்க, லாஃப்ட் கதவையும் மீட்டர் பெட்டியையும் யாருமே எண்ணறதில்ல.